ஏழாம் லைன் கட்டை

ஏழாம் லைனில் இருபத்தெட்டுப் பெண்கள் சட்டை தைத்தார்கள். அத்தனை பேருக்கும் கழிப்பறைக்குப் போக ஒரே ஒரு கட்டைதான். உள்ளங்கை அகலம், மஞ்சள் பெயின்ட், நடுவில் கறுப்பில் ஏழு, மேலே ஒரு ஓட்டை. சூப்பர்வைசர் மேஜைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். நிர்வாகத்துக்கு அது டோக்கன், பெண்களுக்குக் கட்டை. கட்டை ஆணியில் இருந்தால் எழுந்து போகலாம். இல்லையென்றால் எவளோ ஒருத்தி போயிருக்கிறாள் என்று அர்த்தம். அவள் வரும்வரை காலை இறுக்கிக்கொண்டு தைக்க வேண்டியதுதான். போனவள் ஆறு நிமிடத்தில் திரும்பிவிட வேண்டும். சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நிற்பான். அதனால் பெண்கள் அவனுக்கு ஆறுநிமிஷம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவனைப் பெற்றவள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில் இல்லை.

அந்த லைனில் காலர் தைத்தவளைக் காலர்க்காரி என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். பதினேழு வயதில் அந்த ஆலைக்குள் நுழைந்தவள். முதலில் நூல் வெட்டினாள், பிறகு கஃப், பிறகு காலர். சட்டைக்குக் காலர்தான் முகம். முனை ஒரு நூல் கோணினாலும் செக்கிங் மேஜையிலிருந்து பண்டிலோடு திரும்பி வந்துவிடும். அவள் தைத்தது ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. கை அப்படி. ஆனால் கையைவிட அவள் அதிகம் பழக்கிவைத்திருந்தது அடிவயிற்றைத்தான். காலையில் நிரப்பிக்கொண்டு போகும் தண்ணீர் பாட்டில் மாலையில் நிறைந்தபடியே வீட்டுக்கு வரும். குடித்தால்தானே போக வேண்டும்? பன்னிரண்டு வருடத்தில் அவள் கற்ற பெரிய வித்தை அடக்குவது.

அவளுக்கு ஒன்றே முக்கால் வயதில் ஒரு பெண் குழந்தை. வீட்டில் வாண்டு என்பார்கள். புருஷன் லாரி ஓட்டுகிறவன். போனால் பத்து நாள் கழித்துத்தான் முகம் காட்டுவான். பகலில் வாண்டைப் பார்த்துக்கொண்டவள் அவனுடைய தங்கை. நாத்தனாருக்குத் தெருமுனை மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. முதல் தேதியிலிருந்து தன்னால் முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். அவளையும் குறை சொல்ல முடியாது, அவளும் எத்தனை நாளைக்கு அடுத்தவள் பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருப்பாள். ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே, அதற்கு உப்பும் காரமும் தனியாகப் போட்டிருந்தாள்.

ஆலையின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் அறை ஒன்று உண்டு. காலர்க்காரி அங்கே போய்க் கேட்டாள். இடம் இருக்கிறது, ஆனால் ஒன்றரை வயது தாண்டிய பிள்ளை டயப்பர் இல்லாமல்தான் வர வேண்டும், வந்தால் சொல்லத் தெரிய வேண்டும், அது மேலிடத்துச் சட்டம் என்றாள் அறைக்காரம்மா. முதல் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் வாண்டு பழகாவிட்டால் அறை இல்லை. அறை இல்லையென்றால் வேலை இல்லை. மூன்று நாள் வராதவளின் மெஷினில் நான்காம் நாள் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள், அது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

பிள்ளைக்கு இது பல் முளைக்கிற மாதிரி. ஒரு பிள்ளைக்கு ஒன்றரை வயதில் வரும், இன்னொரு பிள்ளைக்கு இரண்டரை வயதாகும். ஈறைப் பிடித்து இழுத்தால் பல் வெளியே வந்துவிடுமா? அந்தச் சட்டத்தைப் போட்டவன் எந்தப் பிள்ளைக்கும் கால் கழுவிவிட்டிருக்க மாட்டான். கழுவியவளை யாரும் சட்டம் போடக் கூப்பிடவில்லை.

காலர்க்காரி அன்றைக்கே வாத்து முகம் வைத்த ஒரு பிளாஸ்டிக் சட்டி வாங்கிவந்தாள். காலையில் எழுந்ததும் வாண்டை அதில் உட்கார்த்திவைத்தாள். குழாயைத் திறந்துவிட்டாள். வாயால் ஸ்ஸ் என்று சத்தம் கொடுத்தாள். வாண்டு வாத்தின் மூக்கைத் திருகியது, தன் கால்விரலை எண்ணுவதுபோல் பார்த்தது, அம்மாவைப் பார்த்து அதுவும் ஸ்ஸ் என்றது. கால்மணி நேரம் கழித்து எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஆற அமர வேலையை முடித்தது. மறுநாளும் அப்படியே. நான்காம் நாள் நாத்தனாரின் பாயில்.

நாத்தனார் அந்தப் பாயைத் தூக்கிவந்து வாசல் கம்பியில் தெரு பார்க்கும்படி காயப்போட்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள், எங்கள் அண்ணி வேலைக்குப் போகிற பெரிய மனுஷி, பிள்ளை வளர்க்க நேரமில்லை, பாய்தான் வளர்க்கிறது என்று. காலர்க்காரியும் சும்மா இருக்கவில்லை. பகலெல்லாம் வீட்டில் இருக்கிறவள் ஒரு தடவையாவது பிள்ளையை வாத்தில் உட்கார வைத்தாளா என்று கேட்டாள். அன்று மாலை குப்பைக்கூடையில் மூன்று டயப்பர் கிடந்தது. தான் காலையிலும் மாலையிலும் தைப்பதை இவள் பகல் முழுவதும் பிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது.

"ஏன் டயப்பர் போட்ட?" என்றாள்.

"நீங்க மெஷின்ல உட்கார்ந்துட்டு வர்றீங்க அண்ணி. நான் தரையில மண்டி போட்டுத் துடைக்கிறேன். முதல் தேதிக்கு அப்புறம் உங்க பொண்ணு, உங்க தரை."

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஒரு கூரைக்கு அடியில் இரண்டு பெண்கள் பேசாமல் இருப்பது என்றால் பாத்திரங்கள் பேசும். டம்ளர் வைக்கிற சத்தத்தில் சாபம் இருந்தது.

ஆறாம் நாள் மாலை, வேலை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது காலர்க்காரி கட்டையை எடுத்துக்கொண்டு போனாள். ஆறுநிமிஷம் அப்போது செக்கிங் மேஜைக்காரர்களோடு சண்டையில் இருந்தான், கவனிக்கவில்லை. அவள் உள்ளே இருக்கும்போதே சைரன் ஊதிவிட்டது. கட்டையை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்து பஸ் பிடித்தாள். வீட்டுக்கு வந்து ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டியபோது வாண்டு பைக்குள் கையை விட்டுக் கட்டையை உருவியது. அதன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, புதையல் கிடைத்தவள் முகம். ஓட்டைக்குள் விரலை விட்டது, மஞ்சளை நக்கிப்பார்த்தது.

காலர்க்காரிக்கு உடம்பெல்லாம் வலி. பிள்ளையைத் தூக்கி வாத்தில் வைத்தாள். ஏதோ ஒரு கசப்பில், ஆறுநிமிஷத்தின் குரலை அப்படியே எடுத்துக்கொண்டு, "கட்டை கையில இருக்கா? இருந்தா போ. ஆறு நிமிஷம்தான்" என்றாள்.

வாண்டு கட்டையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டது. வாத்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது. பொய்ச் சத்தம் இல்லை, நிஜச் சத்தம். காலர்க்காரி குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்து பார்த்தாள். பன்னிரண்டு வருடம் அவள் வெறுத்த அந்தக் கட்டை முதல்முறையாக ஒரு நல்ல காரியம் செய்திருந்தது.

தூங்கப் போகும்முன் வாண்டு கட்டையை எடுத்துக்கொண்டு தானே வாத்திடம் போனது. காலையில் எழுந்ததும் கட்டையைத்தான் தேடியது. கையில் கொடுத்ததும் போய் உட்கார்ந்தது. நாத்தனார் அடுப்படியிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே காலர்க்காரிக்கு விருது கொடுத்த மாதிரி இருந்தது. கட்டையைத் திரும்ப வாங்கலாம் என்று கையை நீட்டியபோது வாண்டு வீல் என்று கத்தியது. போகட்டும், ஆலையில் மரத்துக்கா பஞ்சம், வேறொன்று அறுத்து மாட்டிக்கொள்வார்கள் என்று நினைத்துக் கிளம்பிவிட்டாள். தப்பு அங்கேதான்.

ஆறுநிமிஷம் வேறொன்று மாட்டவில்லை. வெறும் ஆணியைக் காட்டி, எடுத்தவள் கொண்டுவந்து வைக்கும்வரை ஒருத்தியும் எழுந்திருக்கக் கூடாது, சாப்பாட்டு நேரத்தில் போய்க்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான். மற்ற நேரத்தில் எழுந்தவளைத் தோளைத் தொடாத குறையாக உட்கார வைத்தான். திருடியைப் பிடிப்பது அவனுக்குச் சட்டை தைப்பதைவிட முக்கியமாகப் போயிற்று. இருபத்தெட்டு மெஷினும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு ஓடின. யார் கையில் அது கிடைத்தாலும் அந்தக் கை விளங்காது என்று கஃப் தைக்கிறவள் சாபம் விட்டாள். காலர்க்காரி தலையைக் குனிந்து முனை திருப்பினாள். அன்று மட்டும் இரண்டு காலர் கோணலாகப் போயிற்று.

வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் வீட்டில் அன்று மாலையும் வாத்து நிறைந்திருந்தது, தரை காய்ந்திருந்தது. முதல் தேதிக்கு ஐந்தே நாள். இன்னும் இரண்டு நாள் போகட்டும், பழக்கம் ஊறட்டும் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டாள். தன் பிள்ளை என்று வந்துவிட்டால் ஊரான் வயிறு தெரியாது.

பட்டன் அக்கா என்று ஒருத்தி, லைனின் கடைசியில் பட்டன் வைப்பவள். ஐம்பதைத் தாண்டியவள், சர்க்கரைக்காரி. அவளால் இரண்டு மணி நேரம் தாங்க முடியாது. அதனால் கட்டை அதிகமாகக் கைமாறுவது அவளிடம்தான். மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு அவள் மெஷின் நின்றது. ஆறுநிமிஷத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். அவன் ஆணியைக் காட்டினான். மறுபடி தூக்கினாள். மறுபடி ஆணியைக் காட்டினான். பிறகு அவள் கையைத் தூக்கவில்லை. ஸ்டூலைச் சுற்றித் தரை நனைந்தது. பக்கத்தில் இருந்தவள் வெட்டுத்துணி மூட்டையைக் காலால் தள்ளிவிட்டு மறைத்தாள். பட்டன் அக்கா சைரன் ஊதும்வரை அசையாமல் உட்கார்ந்து, ஒரு பட்டன் பாக்கியில்லாமல் வைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

காலர்க்காரி அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் பெட்டி மூடி ஒன்றை எடுத்து, மஞ்சள் துணி சுற்றித் தைத்து, வாண்டிடம் நீட்டினாள். கோணாத தையல். வாண்டு அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சுவரில் எறிந்தது. அசல் எது, போலி எது என்று அதற்குத் தெரியாதா என்ன. பிள்ளை தூங்கியபின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டையை எடுத்து ஏப்ரன் பையில் போட்டாள்.

காலையில் லைன் முழுவதும் உட்கார்ந்தபின் எழுந்துபோய்க் கட்டையை ஆறுநிமிஷத்தின் மேஜையில் வைத்தாள். நான்தான் எடுத்துப்போனேன், தெரியாமல் போயிற்று, பிள்ளை விடவில்லை என்றாள். ஆறுநிமிஷம் சிரித்தான். இருபத்தேழு பேரைப் பார்த்து, உங்களை அடக்கிக்கொள்ள வைத்தது நானில்லை, உங்கள் காலர்க்காரிதான் என்றான். ஒரு வாரத்துக்கு அவளுக்குக் கட்டை கிடையாது என்று தீர்ப்பும் சொன்னான்.

அது அவளுக்கு உறைக்கவே இல்லை. பட்டன் அக்காவிடம் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும்முன் பட்டன் அக்கா, நூல் கோப்பதிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"உன் பொண்ணு நனைச்சா துடைக்க நீ இருக்க. எனக்கு யாருடி இருக்கா?"

அன்று சாப்பாட்டு மேஜையில் அவள் உட்கார்ந்ததும் மற்றவர்கள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு நகர்ந்தார்கள். கஃப் தைக்கிறவள் மட்டும் நகரவில்லை. நகராமல் இருந்து, முழுதாக முறைத்துக்கொண்டே சாப்பிட்டாள்.

வீட்டிலோ வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்திருந்தது. வாண்டு வாத்தில் உட்கார்ந்தது, இரண்டு கையையும் நீட்டிக் கட்டையைக் கேட்டது, இல்லையென்றதும் உதட்டைப் பிதுக்கி எழுந்துவிட்டது. கதவுக்குப் பின்னாலும் போகவில்லை, பாயிலும் போகவில்லை. நாத்தனார் டயப்பர் போட்டுப் பார்த்தாள், அதிலும் இல்லை. கட்டை இல்லாமல் போகக் கூடாது என்பதை அது அவ்வளவு நன்றாகப் படித்துவிட்டிருந்தது. தூக்கத்தில் சொட்டியதோடு சரி. தொடையைச் சேர்த்து இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, முகம் சிவக்க நின்ற பிள்ளையைப் பார்த்தபோது காலர்க்காரிக்கு எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. எங்கே என்று யோசிக்கவே வேண்டியதில்லை. மெஷினில் உட்கார்ந்து மூன்று மணிக்கு அவள் வைத்திருக்கும் முகம் அது. தாயிடமிருந்து பிள்ளைக்கு மூக்கு வரும், முடி வரும். இவள் பிள்ளைக்கு இது வந்திருந்தது.

மறுநாள் பதினோரு மணி வெயிலில் ஆலை வாசலில் சத்தம். காவல்காரர் மேலே வந்து, காலர்க்காரி வீட்டிலிருந்து யாரோ பிள்ளையோடு வந்து நிற்கிறார்கள், விடச் சொல்லி அடம்பிடிக்கிறார்கள் என்றார். ஜன்னலில் எட்டிப் பார்த்தால், நாத்தனார். பஸ் கிடைக்கவில்லை போல, நடந்தே வந்திருந்தாள். வியர்வையில் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. தோளில் வாண்டு, குரல் கம்மும்வரை அழுதுவிட்டு விக்கிக்கொண்டிருந்தது. காலர்க்காரி ஆறுநிமிஷத்தின் பேச்சைக் கேட்க நிற்காமல் படியிறங்கி ஓடினாள்.

"வயித்தத் தொட்டுப் பாருங்க" என்றாள் நாத்தனார். கல்லாக இருந்தது. "டாக்டர்கிட்டப் போற வழியிலதான் இது. அந்தச் சனியன் புடிச்ச கட்டைய ஒருதடவை கையில குடுத்துப் பார்த்துடலாம்னு வந்தேன். உங்களுக்காக வரலை அண்ணி. இந்த வயித்துக்காக வந்தேன்."

அந்தக் குரல் மூன்று மாடிக்கும் கேட்டது. ஏழாம் லைனில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. காலர்க்காரி மேலே ஓடிவந்து ஆறுநிமிஷத்திடம் கட்டையைக் கேட்டாள். ஐந்து நிமிடம் போதும், இங்கேயே கீழே, திருப்பித் தருகிறேன் என்றாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு, உனக்கு ஒரு வாரத்துக்கு இல்லை என்று சொன்னேனா இல்லையா, இது தொழிற்சாலையா பிள்ளை வளர்க்கிற இடமா என்றான்.

லைனின் கடைசியிலிருந்து பட்டன் அக்கா எழுந்தாள். மெதுவாகத்தான் நடந்துவந்தாள், முழங்கால் வலி. ஆறுநிமிஷத்தைச் சுற்றிக்கொண்டு போய் ஆணியிலிருந்து கட்டையை எடுத்தாள்.

"எனக்கு வருது சார். ஆறு நிமிஷத்துல வந்துடறேன்" என்றாள்.

அவளைத் தடுக்க அவனுக்குச் சட்டம் இல்லை. கட்டை ஆணியில் இருந்தது, அவள் முறை, எடுத்தாள். கழிப்பறைப் பக்கம் திரும்பாமல் படிப் பக்கம் திரும்பினாள். காலர்க்காரி பின்னாலேயே போனாள். கீழே அறைக்காரம்மா சத்தம் கேட்டு வெளியே வந்து, சட்டத்தையெல்லாம் மறந்து அறையைத் திறந்துவிட்டிருந்தாள். பட்டன் அக்கா வாண்டின் கையில் கட்டையை வைத்தாள். பிள்ளை ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்து, அதுதான் என்று தெரிந்ததும், கிடைத்த சட்டியில் உட்கார்ந்தது. நீண்ட நேரம் போனது. வாசலில் நின்ற மூன்று பெண்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருத்தி காலர்க்காரியோடு பேச்சை நிறுத்தியவள், இன்னொருத்தி அவளை மன்னிக்காதவள். ஆனாலும் மூவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

பட்டன் அக்கா வெறுங்கையோடு மேலே வந்தாள். கட்டை எங்கே என்று ஆறுநிமிஷம் கேட்டான்.

"பாப்பா வெச்சிருக்கா. போய்ப் புடுங்கிக்கோங்க."

அவன் போகவில்லை. அன்று பிற்பகல் ஆணி வெறுமையாக இருந்தது. இரண்டரை மணிக்குக் கஃப் தைக்கிறவள் எழுந்து கழிப்பறைக்குப் போனாள். ஆறுநிமிஷம் ஆணியைக் காட்டினான்; அவள் முதுகு அதைப் பார்க்கவில்லை. அவள் வந்ததும் இன்னொருத்தி. பிறகு இரண்டு பேர் சேர்ந்தே. இப்படிப் போனால் டார்கெட் எங்கே போகும் என்று கத்தினான். டார்கெட் எங்கும் போகவில்லை, சைரனுக்கு முன்பே மேஜையில் அடுக்கப்பட்டிருந்தது. மறுநாள் சிவப்பு பெயின்ட் அடித்துப் புதுக் கட்டை ஒன்று ஆணிக்கு வந்தது. ஒருத்தியும் தொடவில்லை. அவசரம் வந்தவள் எழுந்துபோனாள், முடிந்ததும் வந்தாள். இருபத்தெட்டுப் பேரையும் ஒரே நாளில் வெளியே அனுப்பினால் சட்டை தைப்பது யார் என்று அவனுக்கும் தெரியும்.

முதல் தேதி வாண்டு கீழ்த்தளத்து அறைக்குப் போனது, ஒரு கையில் வாத்து, மறு கையில் கட்டை. டயப்பர் இல்லை. அறைக்காரம்மா இரண்டையும் பார்த்துவிட்டு, கட்டையைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை என்று சேர்த்துக்கொண்டாள். நாத்தனார் மருந்துக்கடைக்குப் போனாள். அந்த வெயிலில் அவள் நடந்து வந்ததற்குக் காலர்க்காரி நன்றி சொல்லப் பார்த்தாள். அவள் டம்ளரை டங்கென்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். பட்டன் அக்காவும் மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் காலர்க்காரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் இப்போது எழுந்துபோவதில்லை, அவ்வளவுதான். காலர்க்காரியின் தண்ணீர் பாட்டில் மட்டும் மாலையில் காலியாக வீட்டுக்கு வந்தது.

இருபது நாள் கழித்து ஒருநாள் வாண்டு விளையாட்டு மும்முரத்தில் கட்டையைக் கீழே போட்டுவிட்டு வாத்திடம் ஓடியது. வெறுங்கையோடு உட்கார்ந்தது, போனது, எழுந்தது. கட்டை வாத்துக்கு அடியில் கிடந்ததைப் பார்த்து, அதை எடுத்து வாத்துக்குள் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டது. அறைக்காரம்மா மாலையில் அதைக் கழுவிக் காலர்க்காரியிடம் கொடுத்தாள். பிள்ளை கேட்டு வாங்கவே இல்லை, அதற்கு மறந்தே போயிற்று என்றாள்.

காலர்க்காரி ஈரம் சொட்ட அதை மேலே கொண்டுபோனாள். ஆறுநிமிஷம் மேஜையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் கட்டையை வைத்தாள். மேஜையில் ஒரு சின்னக் குட்டை தேங்கியது. அவன் அதையும் அவளையும் பார்த்தான்.

"எங்க கிடந்துச்சுன்னு கேக்காதீங்க சார்" என்றாள். "கழுவித்தான் இருக்கு. நம்பினா எடுத்துக்கோங்க."